காலையில் உட்கார்ந்திருக்கும் வண்டி: ஏர் சஸ்பென்ஷனோடு ஏழு ஆண்டு

படுக்கப் போகும் மாடு முதலில் முன்காலை மடக்குமே, அன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்தபோது வண்டி அப்படித்தான் நின்றது. முன் இடது சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையே கை நுழையவில்லை. மற்ற மூன்று மூலைகளும் சரியாக இருந்தன. எஞ்சினை முடுக்கியதும் அடியில் கம்ப்ரஸர் உறுமியது. சற்று நேரத்தில் வண்டி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. நானும் ஒன்றும் நடக்காததுபோல் தேவகோட்டைக்குப் புறப்பட்டுவிட்டேன். இந்த ஏழு ஆண்டில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

வீடு காரைக்குடியில். கல்லல் பக்கம், கண்மாய்க்கரையைத் தாண்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. செம்மண் தடம், மழைக்காலத்தில் வண்டித்தடம் முழங்கால் ஆழத்துக்கு அரித்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டியை வாங்கினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, கம்ப்ரஸர் காற்றடைக்கும் ரப்பர் பைகளில் நிற்கும் எந்த வண்டிக்கும் இந்தப் பழுதுகள் பொதுவானவை. இதுவரை 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினால் வண்டி தாழ்ந்து கொடுக்கும். எண்பது வயது அப்பத்தா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார். தடத்தில் இறங்கும்போது ஐந்து சென்டிமீட்டர் உயர்த்திக்கொள்ளலாம். பின்னால் எட்டு மூட்டை நெல் ஏற்றினாலும் முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்காது. ஒரு குறை, உயர்த்தி ஓட்டும்போது வண்டி விறைத்துக்கொள்ளும். பை ஏற்கெனவே நீண்டிருப்பதால் சக்கரம் பள்ளத்தில் இன்னும் கீழே இறங்க இடமிருக்காது. அதனால் மேடுபள்ளத்தில் மெதுவாகப் போக வேண்டியிருக்கும்.

பழுதுக்கு வருகிறேன். அந்த முன் இடது மூலை வாரம் ஒருமுறை இறங்கியது, பிறகு தினமும். மூன்று மாதத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நகரத்திலிருக்கும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கணினியைச் செருகிப் பார்த்தார்கள். கம்ப்ரஸர் அதிகச் சூடு என்று பிழைக் குறியீடு வந்தது. கம்ப்ரஸரை மாற்றினார்கள். ஒரு நல்ல பைக் வாங்கும் பணம். ஐந்து மாதம் கழித்துப் புதிய கம்ப்ரஸருக்கும் அதே குறியீடு வந்தது.

அப்போதுதான் ஊரிலேயே, ஆம்னி பஸ்களுக்குக் காற்று வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். சென்னை போகும் பஸ்களில் இதே பைகள்தான், அளவில் பெரியவை. அவர் கணினி எதையும் செருகவில்லை. "தம்பி, பஸ்ஸில் கம்ப்ரஸர் எஞ்சினோடு சுற்றுகிறது. அது கிணற்று மாடு, நாள் முழுக்க இழுக்கும். உங்களுடையது மிக்ஸி மோட்டார். மிக்ஸியை அரை மணி நேரம் விடாமல் ஓட்டுவீர்களா?" என்று கேட்டார்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கம்ப்ரஸர் தானாகச் சாகவில்லை. ஒழுகும் குடத்தை நிரப்பச் சொல்லி நான்தான் அதை ஓட ஓட விரட்டியிருக்கிறேன்.

அவர் வண்டியை உயர்த்தி, சட்டத்துக்கு அடியில் நான்கு இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகுதான் உள்ளே படுத்தார். இதில் விளையாட்டே கூடாது. குழாய் ஒன்று கழன்றால் வண்டி ஒரே மூச்சில் இறங்கிவிடும். வெறும் ஜாக்கியில் நிற்கும்போது இன்னொரு வம்பு உண்டு. சமன் செய்யும் வேலையை முன்னதாக நிறுத்தாவிட்டால், வண்டி உயர்ந்துவிட்டதாக அதுவே நினைத்துக்கொண்டு காற்றை வெளியே விடத் தொடங்கும்.

பிறகு ஒரு ஷேவிங் பிரஷ், ஒரு கிண்ணம் சோப்பு நுரை. முதலில் குழாய் இணைப்புகளில் தடவினார், ஒன்றுமில்லை. பையின் சுவரில் தடவினார், அங்கும் ஒன்றுமில்லை. "சாதாரண உயரத்துக்கு இறக்குங்கள்" என்றார். தாங்கிகளைத் தாழ்த்தி வைத்து, வண்டியை இறக்கி மீண்டும் தடவினார். ரப்பர் கீழே மடிந்து சுருளும் இடத்தில் கடுகு அளவில் ஒரு குமிழ் எழுந்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது. விரலால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தால், நீர் வற்றிய கண்மாய்த் தரை போல மயிரிழை வெடிப்புகள். வண்டி உயர்ந்திருக்கும்போது அந்த மடிப்பு விரிந்து வேறிடத்துக்குப் போய்விடுகிறது, வெடிப்பு மூடிக்கொள்கிறது. ஒரே உயரத்தில் வைத்துச் சோதித்துவிட்டு "கசிவு இல்லை" என்று சொல்பவரை அதன்பின் நான் நம்புவதில்லை.

முன்பக்கம் இரண்டு பைகளையும் சேர்த்தே மாற்றினோம். வலது பையும் அதே வயது, அதே வெயில். கசிவு நின்றது. ஆனால் கம்ப்ரஸர் முழுக்கத் தெளியவில்லை. எழும்ப முன்பைவிட நேரம் எடுத்தது. அவர் உலர்த்திக் குப்பியைக் கழற்றினார்.

இந்தக் குப்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்ப்ரஸர் இழுக்கும் காற்றிலுள்ள ஈரத்தை இதற்குள்ளிருக்கும் மணிகள் குடித்துக்கொள்ளும். வண்டி தாழும்போது, பையிலிருந்து திரும்பும் உலர்ந்த காற்று இதே மணிகளின் வழியே வெளியேறி அந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகும். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை மணிகள் காய்ந்தே இருக்கும். பையில் ஓட்டை விழுந்தால் காற்று திரும்பி வராது, ஓட்டை வழியே போய்விடும். வரவு மட்டும்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மாதம் அப்படி ஓடியிருக்கிறது என் வண்டி. காய்ந்த ஜவ்வரிசி போலக் கலகலக்க வேண்டிய மணிகள், அடிப்பிடித்த பாயசம் போல வழிந்தன. இந்த ஈரமும் மணிகளின் தூளும், நான்கு பைகளுக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வுப் பெட்டிக்குள் போனால் அடுத்த செலவு அங்கே. மணிகளையும், ரப்பர் வளையங்களையும், காற்று இழுக்கும் வாயிலுள்ள வடிகட்டியையும் மாற்றினோம். கூடவே, கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும். கம்ப்ரஸர் அதிகம் ஓடினால் ரிலேயின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸரை நிறுத்த ஆளில்லை. சில நூறு ரூபாய்ச் சாமான், பெரிய சாமானைக் கொன்றுவிடும்.

அதிலிருந்து மாதம் ஒரு முறை அளந்து பார்க்கிறேன். சிமெண்டுத் தரையில் நிறுத்தி, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேல் வளைவு வரை டேப்பால் அளந்து, கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவிடுவேன். சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன். இது முக்கியம். பூட்டிய பிறகும் வண்டி அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். விடிந்தால் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கும், களவாணி யாரென்று தெரியாது. காலை ஆறு மணிக்கு மீண்டும் அளப்பேன். நான்கும் சேர்ந்து சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் அது குளிரின் வேலை. நாற்பது டிகிரியிலிருந்து இருபத்தைந்துக்கு வந்தால் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பை அல்லது அதன் குழாய். மற்றபடி இரண்டு மூலைகள் ஜோடியாக இறங்கினால் வால்வுப் பெட்டியைச் சந்தேகப்படுவேன்.

இதற்கிடையில் எலி ஒருமுறை குழாயைக் கடித்துவிட்டது. சீமைக்கருவேலங்காட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினால் இதெல்லாம் உண்டு. பஸ் உதிரிபாகக் கடையில் 6 மி.மீ. நைலான் குழாயும் செருகு இணைப்பும் கிடைத்தன. குழாயைப் புதிய பிளேடால் நேர்குத்தாக வெட்ட வேண்டும். முதல் தடவை வயர் வெட்டும் குறடால் வெட்டினேன். முனை நசுங்கி, இணைப்பிலேயே கசிந்தது.

கசிவே இல்லாமல் வண்டி உட்கார்ந்த கதையும் ஒன்று இருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிகளோடு எங்கள் வீட்டிலிருந்தும் சிலர் போவார்கள். அரிசி, பாத்திரம், தண்ணீர்க் கேன்களோடு என் வண்டி பின்னால் ஊர்ந்து போகும். நத்தத்துக்கு முன்னால் ஒரு தோப்பில் நிழலுக்கு ஒதுக்கினேன். திரும்ப ஏறும்போது பின் வலது மூலை முற்றிலும் தரைதட்டியிருந்தது. பை போய்விட்டது என்றே நினைத்தேன். சோப்பு போட்டுப் பார்த்தால் குமிழே இல்லை. குனிந்து பார்க்கையில், உயரம் சொல்லும் சென்சாரின் சிறிய இணைப்புக் கம்பி கழன்று தொங்கியது. முள்கிளை ஒன்று இழுத்துவிட்டிருக்கிறது. சென்சாரின் கை கீழே சாய்ந்ததும், அந்த மூலை அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்று வண்டி நம்பி, இருந்த காற்றையெல்லாம் விட்டுவிட்டது. கம்பி முனையிலிருந்த உருண்டையை அதன் குழிக்குள் அழுத்தி, வாழையிலைக் கட்டிலிருந்த சணலால் சுற்றிக் கட்டினேன். பழனிவரை தாங்கியது.

ஊருக்கு வந்து அந்த சென்சாரின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. உலோகம் அரிப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படியா என்று வெட்கமாக இருந்தது. துடைத்துக் கிரீஸ் பூசி மாட்டினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் காயில் ஸ்பிரிங்குக்கு மாறவில்லையா என்று பங்காளிகள் கேட்கிறார்கள். வருடம் முழுவதும் ஒரே சுமையில், தனியாக, தார்ச்சாலையில் ஓட்டுபவர் மாறிவிடலாம். எனக்கு அதில் மறுப்பில்லை. என் வண்டி திங்கட்கிழமை வெறுமனே போகிறது, புதன்கிழமை நெல் சுமக்கிறது, வெள்ளிக்கிழமை அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போகிறது. ஒரே ஸ்பிரிங் இந்த மூன்றுக்கும் பொருந்தாது.

போன மாத அளவில் பின் இடது மூலை மட்டும் ஒரே இரவில் ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இந்த முறை எஞ்சினை முடுக்கிவிட்டுத் தேவகோட்டைக்குப் போகவில்லை. பின்பக்கப் பைகள் இரண்டுக்கும் சொல்லிவைத்துவிட்டேன். அவை வரும்வரை வண்டி கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. அப்பத்தாவுக்குத்தான் கோபம், ஆட்டோவில் ஏறக் கால் எட்டவில்லையாம்.