நாட்டுமர நர்சரி, ஈசிஆர் பக்கம்: செடிக்கு 4 ஸ்டார், போர்டுக்கு 1

அபார்ட்மெண்ட் காம்பவுண்ட் ஓரத்துல வைக்க கன்னு வாங்கப் போனோம். குறையும் சொல்லப் போறதால கடை பேர் போடல. 'நாட்டு மரக்கன்றுகள் மட்டும்'னு பெரிய போர்டு, அதுக்குக் கீழயே குல்மொஹர், தூங்குமூஞ்சி, தபேபுயா வரிசையா நிக்குது. முதல்ல சொன்னது மடகாஸ்கர், மத்த ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கேட்டா "பூ நல்லா இருக்கும்னு கஸ்டமர் கேக்குறாங்க சார்"ங்கறார் கவுண்டர் தம்பி. வர்தா புயல்ல எத்தனை குல்மொஹர் ரோட்டுல சாஞ்சு கிடந்துச்சுன்னு ஊரே பாத்துச்சு, இருந்தும் வாங்கறாங்க.

ஆனா பின்னாடி நிழல்வலைக்குள்ள போனா அசல் சரக்கு இருக்கு. களா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, அப்புறம் காயாம்பூ வண்ணன்னு பெருமாளைப் பாடுறாங்களே அந்தக் காயா. சென்னையோட சொந்தக் காடு இதான், மழை கம்மியா இருந்தாலும் இலை உதிர்க்காத குட்டை மரமும் முள்ளுப்புதரும் சேர்ந்தது, பாக்க ஒண்ணும் பகட்டா இருக்காது, அதனாலதான் லேஅவுட் போடறவங்க 'புதர் கிளீனிங்'னு ஜேசிபி விட்டு ஒரே நாள்ல வழிச்சுடறாங்க. மிச்சம்னு பாத்தா கிண்டி, நன்மங்கலம், இன்னும் சில பெரிய வளாகங்கள். கிண்டி நேஷனல் பார்க்கே ஐஐடிக்கும் நினைவு மண்டபங்களுக்கும் இடம் கொடுத்தது போக 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுத்தி ரோடும் சுவரும். பழம் தின்னுட்டு கொண்டைக்குருவி வெளிய வந்து எச்சம் போட்டாலும் விழற இடம் சிமெண்ட், அப்புறம் எங்க முளைக்கும்? உள்ள சந்து கிடைச்ச இடத்துல சீமைக்கருவேலம் வேற.

காட்டெலுமிச்சை இலையைக் கசக்கி மோந்தா எலுமிச்சை வாசம். ஒரு கன்னுல பறவை எச்சம் மாதிரியே ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழு ஒட்டிட்டு இருந்துச்சு, அப்போ மருந்து அடிக்கறதில்லன்னு நம்பலாம். விதையும் பெரியவர் ஒருத்தர் பழைய கோயில்காடுகள்ல பொறுக்கிட்டு வந்து போடறதுதானாம்.

குறைன்னா, வீரைக் கன்னுக்கு கவர் ரொம்ப சின்னது, வேர் அடியில சுருண்டு கிடக்கு, அதை வாங்கல. எதுலயும் பேர்ச்சீட்டு இல்ல, தெரியாதவங்க போனா முழிக்கணும். களா 60 ரூபா, காயா 120. காயா வளர்றதுக்குள்ள நமக்கு நரைச்சுடும், அசோசியேஷன் செக்ரட்டரி இப்பவே முணுமுணுக்கறார், இருக்கட்டும்.

பெரியவர் காலைல மட்டும்தான் இருப்பார், போனா அவரையே கேளுங்க. ஜிபே உண்டு, டெலிவரி 20 கன்னுக்கு மேல எடுத்தாத்தான்.