அளவெடுத்துச் செய்த சேணம் என்று நம்பி 85 ஆயிரம் கட்டினேன்: உஷார்

எழுதும்போதே கை நடுங்குகிறது. 85 ஆயிரம்! குதிரைச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை, "உங்க குதிரை முதுகுக்கே அளவெடுத்துச் செஞ்சு தர்றோம்" என்று சொன்னதற்காகக் கட்டிய பணம். கடையின் பெயர் போடவில்லை. இந்த வாசகம் எங்கே கண்ணில் பட்டாலும் கொஞ்சம் நில்லுங்கள்.

என் குதிரை ஒல்லி உடம்புக்காரி. விதர்ஸ், அதாவது கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் தோளுக்கு மேலே இருக்கும் மேடு, நல்ல உயரம், அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் தசை குறைவு, முதுகும் குட்டை. இப்படிப்பட்ட உடம்பில் ரெடிமேட் சேணம் லேசில் உட்காராது. அதனால்தான் கூடுதல் பணம் கொடுக்கத் துணிந்தேன். தோள் எலும்புக்குப் பின்னால் வளைகம்பியை அழுத்தி எடுத்துத் தாளில் வரைந்த வடிவம், பக்கவாட்டுப் படம் என்று கேட்டதையெல்லாம் அனுப்பினேன். போனில் பேசியவர், "கடைசி விலா எங்கே முடியுதுன்னு தடவிப் பார்த்து, டேப் ஒட்டிப் படம் அனுப்புங்க" என்றார். அந்தக் கேள்வியில்தான் முழுசாக நம்பினேன். குதிரைக்கு 18 ஜோடி விலா. 18-ஆவது விலாவைத் தாண்டிச் சேணம் நீண்டால், ஏறுகிறவரின் எடை இடுப்பில் இறங்கும். அங்கே தாங்க விலா கிடையாது. விஷயம் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார். அன்றே 85 ஆயிரத்தையும் அனுப்பினேன்.

வந்தது ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஏதோ ஒரு சேணம். உள்ளே இருக்கும் ட்ரீ, அதாவது சேணத்துக்கு எலும்புக்கூடு மாதிரியான சட்டம், அவளுக்கு ரொம்ப அகலம். முன்பக்கம் சரிந்து விதர்ஸ் மேலேயே உட்கார்ந்தது. குறைந்தது 2 விரலாவது நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. பின்பக்கமோ நான் டேப் ஒட்டிய இடத்தைத் தாண்டிக் கிடந்தது. படம் பார்த்தார்களா, இல்லையா?

போன் போட்டால், "ஓட்டிப் பார்க்காம புகார் எடுக்க மாட்டோம்." சரியென்று நடையும் ட்ராட்டும் (மெதுவான ஓட்டம்) கொஞ்ச நேரம். முன்னங்கால் முன்னே போகும்போது தோள் எலும்பின் மேல்முனை பின்னால் நகரும். அந்த இடத்தில் சேணம் அழுத்தினால் குதிரை எப்படி எட்டி வைக்கும்? அடி குறுகியது, முதுகைக் குழித்தாள், தலையைத் தூக்கினாள். இறக்கிப் பார்த்தால் வியர்வை ஈரத்துக்கு நடுவே விதர்ஸ் ஓரம் காய்ந்த திட்டு. அழுத்தம் அதிகமான இடம் அப்படித்தான் காயும்.

அதற்கும் பதில்: "தோல் புதுசு, படிஞ்சிடும்." தோல் படியும், உள்ளே இருக்கும் சட்டம் படியுமா? அடுத்து, "தடிமனான பேட் போடுங்க." சேணத்துக்கு அடியில் போடும் அந்த மெத்தை முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கலாம், பின்னால் நீண்டு கிடப்பதைக் குறைக்குமா? அப்புறம், "உங்க குதிரைக்குப் பயிற்சி பத்தாது." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசியில், "ஓட்டிட்டீங்க, பயன்படுத்தின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்." ஓட்டச் சொன்னதே அவர்கள்தான்! இப்போது போனையே எடுப்பதில்லை. 85 ஆயிரம் அவர்களிடம், உதவாத சேணம் என்னிடம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ட்ரீ அகலத்தையும் சேணத்தின் நீளத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஓட்டிப் பார்த்த பிறகும் திருப்பி எடுப்பார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். வந்ததும் பேட் இல்லாமல், வயிற்றுப் பட்டை கட்டாமல், வெறும் முதுகில் வைத்து வீடியோ எடுங்கள். அவளுடைய விதர்ஸில் தொட்டால் இன்னும் வலி இருக்கிறது, கால்நடை மருத்துவர் வந்துவிட்டார். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.