மலையகக் குளிரில் மீன் தொட்டி: பிளாஸ்டிக் செடியா, உயிர்ச் செடியா?

பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு உயிர்ச் செடி வைக்க நினைக்கும் மலைநாட்டுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் குளிரை. அழகும் விலையும் பிறகுதான். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். இரண்டு ஊருக்கும் ஒரே யோசனை சரிவராது.

பிளாஸ்டிக்கின் பக்கம் சொல்ல அதிகமில்லை. வெளிச்சம் வேண்டாம், உரம் வேண்டாம், பாசி பிடித்தால் பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி வைத்துவிடலாம். கோல்ட் ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதிதான், ஏனென்றால் அந்த மீன் மென்மையான இலை எதையும் மிச்சம் வைக்காது. ஆனால் ஃபைட்டர் மீன்போல் நீளத் துடுப்பு உள்ளவை இருந்தால் கடினமான பிளாஸ்டிக் ஓரத்தில் துடுப்பு கிழியும். அவற்றுக்குத் துணி இலைச் செடியாவது வாங்குங்கள்.

உண்மையான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீனுக்கு நஞ்சான அமோனியா சேர்கிறது. பில்டரிலும் கல்லிலும் வாழும் பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், அப்புறம் கேடு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. குளிர்ந்த தண்ணீரில் இந்த வேலை மந்தமாகும். உயிர்ச் செடியோ அந்த அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக்கின் மேல் பக்டீரியா படியுமே தவிர, அது தானாக எதையும் உறிஞ்சாது. எனக்கு இந்த ஒரு காரணமே மாறுவதற்குப் போதும். ஆனால் குளிரில் செடியும் மெதுவாகத்தான் வளரும். செடி வைத்தாயிற்று என்று தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது.

சரி, எந்தச் செடி? மலையகத்தில் கேள்வியே இங்கேதான். கடைகளில் கிடைப்பவற்றில் இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று கிரிப்டோகொரைன். வென்டியி, பெக்கெட்டியி, வோக்கரி, பார்வா என்ற பெயர்களில் உலகெங்கும் மீன் தொட்டிகளில் வளரும் இந்தச் செடிகள் இலங்கைக்கே உரியவை. பூர்வீகமாக வேறு எங்கும் கிடையாது. நம் நாட்டுச் செடியை நம் தொட்டியில் வளர்ப்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. மலையகப் பாறைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைவு என்பதால் பீலியில் வரும் தண்ணீர் பொதுவாக மென்மையாக இருக்கும், யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு நேர் எதிர். அது கிரிப்டோவுக்கு நன்றாகப் பொருந்தும். தடை குளிர்தான். 20 பாகைக்கு மேலே போனால்தான் அது உற்சாகமாக வளரும். ஆகவே கண்டி, கம்பளை, மாத்தளைப் பக்கம் தாராளமாக வைக்கலாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் ஹீட்டர் இல்லாமல் அது வெறுமனே உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, இடம் மாற்றி நட்டதும் இலைகள் கூழாகி உதிரும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். வேர் உயிரோடிருந்தால் சில வாரங்களில் புது இலை வரும்.

மற்றது ஜாவா ஃபேர்னும் ஜாவா மொஸ்ஸும். மேல்மலை ஊர்களுக்கு என் தெரிவு இவைதான். குளிரைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்திலும் வாழும். ஃபேர்னின் தடித்த இலையைக் கோல்ட் ஃபிஷ்கூடப் பெரும்பாலும் விட்டுவிடும். ஃபேர்னை மண்ணில் நடக் கூடாது. கிடைத்தண்டு புதைந்தால் அழுகிவிடும். ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும், வேர் தானே பற்றிக்கொள்ளும்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன் பக்கமும், ஆண்டுக் கடைசியில் பதுளை, பண்டாரவளைப் பக்கமும் மழையும் மூட்டமுமாக நாட்கள் போகும். சிறிய எல்ஈடி விளக்கைத் தினமும் 6 முதல் 8 மணி நேரம் போட்டால் போதும். அதற்கு மேல் போட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

மாற்றும்போது பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். மீனுக்கு ஒளிய இடம் வேண்டும். அதன் மேல் படிந்த பக்டீரியாவும் தேவை. உயிர்ச் செடி பரவப் பரவ ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

செடிக்காக ஓடையில் இறங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒதுக்குக் காடுகளிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். காட்டுக் கிரிப்டோக்கள் சில ஏற்கெனவே அருகிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்து ஓடை என்றாலும் யோசிக்க வேண்டும்: தேயிலைக் கொப்புள நோய்க்குச் செப்பு சேர்ந்த பூஞ்சைக்கொல்லி அடிப்பது வழக்கம், இறாலுக்கும் நத்தைக்கும் சிறிதளவு செப்பே கேடு. தொட்டிகளில் வளர்த்த செடியைக் கடையில் வாங்குங்கள், அல்லது தெரிந்தவர் தொட்டியில் ஒரு கிள்ளு கேளுங்கள்.

தொட்டியில் வெட்டியதை ஓடையில் போடுவதும் அதே அளவு தவறு. 1939இல் இலங்கைக்குள் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி பிறகு வயல்களையும் குளங்களையும் மூடியது. வெட்டிய துண்டுகளை மரக்கறிப் பாத்தியில் புதைத்துவிடுங்கள், நல்ல பசளையாகும்.