வெள்ளியா, செம்பா, நிக்கலா: சில்லறைக்குள் இருக்கும் உலோகம்

உலோகத்துக்காகவே நாணயம் சேர்ப்பவர்கள் பேச்சில் அமெரிக்கச் சில்லறையில் மூன்று வகை அடிபடும்: 1964 வரை வந்த வெள்ளி நாணயங்கள், 1982-க்கு முந்தைய செம்பு சென்ட், ‘நிக்கல்’ என்றே அழைக்கப்படும் ஐந்து சென்ட் காசு. ஒரு டாலர் முகமதிப்புக்கு (காசில் பொறித்த தொகைக்கு) நிறுத்துப் பார்ப்போம். வெள்ளிக் கால் டாலர் நான்கு என்றால் 25 கிராம், அதில் 22.5 கிராம் வெள்ளி. செம்பு சென்ட் நூறு, 311 கிராம். 95 சதவீதம் செம்பு. நிக்கல் காசு இருபது, 100 கிராம். முக்கால் பங்கு செம்பு, கால் பங்குதான் நிக்கல் உலோகம்.

எடையைப் பார்த்து செம்புப் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். நூறு டாலருக்குச் சேர்த்தால் 10,000 காசு, 31 கிலோ. அதையும் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். 1982-இல் துத்தநாகத்தின் மேல் செம்பு பூசத் தொடங்கினார்கள். அந்த வருடக் காசில் இரண்டு வகையும் உண்டு, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தராசில் பழையது 3.11 கிராம், புதியது 2.5. தராசு இல்லாவிட்டால் மேஜையில் போட்டுப் பாருங்கள்: செம்பு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் ‘டொக்’கென்று விழும். இவ்வளவு பாடுபட்டும் உருக்க முடியாது. சென்ட்டையும் நிக்கலையும் உருக்க 2006 டிசம்பரிலிருந்து அங்கே தடை. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. தடை ஒருநாள் நீங்கும் என்று மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது.

நிக்கலுக்கும் அதே தடைதான். ஆனால் பொறுக்கும் வேலை இல்லை. 1946 முதல் ஒரே கலவை. உலோக விலை எவ்வளவு சரிந்தாலும் ஐந்து சென்ட்டுக்குக் கீழே அது இறங்காது, கடையில் கொடுத்துச் செலவழித்துவிடலாம். செம்பைக் கட்டியாக வாங்கினால் இந்தப் பிடிமானம் கிடைக்காது. (விலைவாசி ஏற ஏற அந்த ஐந்து சென்ட்டும் தேயும் என்பது வேறு கதை.) போர்க்காலத்தில், 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை, நிக்கல் உலோகமே இல்லாமல் ஒரு ‘நிக்கல்’ வந்தது: 35 சதவீதம் வெள்ளி. பின்புறத்தில் உள்ள கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேல் பெரிய எழுத்து ஒன்று இருக்கும். தடை இதற்குப் பொருந்தாது.

வெள்ளிக்கு வருவோம். அதை உருக்கத் தடை இருந்தது, 1969-இல் எடுத்துவிட்டார்கள். நூறு டாலர் முகமதிப்பு வெறும் 2.5 கிலோ, ஒரு பையில் அடங்கும். வாங்கவும் ஆள் உண்டு. தேய்மானத்துக்காக டாலருக்கு 22.5 கிராமைச் சுமார் 22.2 என்று கணக்கிடுவார்கள், அவ்வளவுதான். குறை ஒன்று உண்டு. உலோக மதிப்பு முகமதிப்பைவிடப் பல மடங்கு என்பதால், வெள்ளி விலை விழுந்தால் முகமதிப்பு கைகொடுக்காது. அப்படியிருந்தும் என் தேர்வு வெள்ளிதான்: மூன்றில் கணக்கில் தெரியும் லாபம் கைக்கு வருவது இதில் மட்டுமே. கால் டாலரை வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். நடுவே செம்புக் கோடு ஓடினால் அது 1965-இலோ அதற்குப் பிறகோ வந்தது, வெள்ளி கிடையாது.