கத்தரிக்கோலா, கணினியா? ஃப்ரீலான்ஸ் கொலாஜுக்கு எது கைகொடுக்கும்?

கொலாஜ் என்பது பல படத்துண்டுகளைச் சேர்த்து உருவாக்கும் படம். அதைக் கையால் வெட்டி ஒட்டினால் கிழிந்த விளிம்பும் மெல்லிய நிழலும் தானாகவே வந்துவிடும். கணினியில் அந்த உயிர்ப்பைக் கொண்டுவர மெனக்கெட வேண்டும். ஆனால் ஃபெவிகால் போன்ற நீர்ப்பசை தடவினால் பத்திரிகைத் தாள் ஊறிச் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். குச்சிப் பசையே நல்லது. அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதி அலைக்கோலம் விழும். 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), அந்த அலைக்கோலத்தை நீக்கும் டிஸ்கிரீன் வசதியோடு எடுங்கள். ஏ4 தாளை அப்படி எடுத்தால் ஏ2 வரை 300 டிபிஐ-யில் அச்சிடலாம்.

கணினியின் பலம் திருத்தத்தில்தான். "அந்த முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால், ஒட்டிய தாளில் பாதி வேலை பாழ். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயரில் சில நொடி. அழிப்பானுக்குப் பதில், வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க் போடுங்கள், வெட்டிய பகுதி பத்திரமாக இருக்கும். திரையில் மின்னும் பச்சை சிஎம்ஒய்கே (நான்கு வண்ண மை) அச்சில் மங்கும். அதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். அட்டைப் படத்துக்குச் சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (அச்சிட்ட பின் வெட்டி நீக்கும் கூடுதல் ஓரம்) விடுவது வழக்கம்.

வெட்டிவிட்டதால் மட்டும் படம் உங்களுடையதாகாது. இந்தியாவில் புகைப்படக் காப்புரிமை, படத்தை எடுத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு நீடிக்கும்.

பிழைப்புக்கு என்றால் கணினியே. கைவேலையின் அழகும் வேண்டுமென்றால், கையால் வெட்டுங்கள், ஒட்டாதீர்கள்: துண்டுகளைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து லேயர்களில் அடுக்குங்கள்.