சைலன்ட் வேலி போகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கோவையிலிருந்து, கேரளக் காட்டுப் பள்ளத்தாக்கான சைலன்ட் வேலிக்கு ஒரு நாள் பயணம். ஆளுக்கு 1,800 ரூபாய், "எங்க சொந்த ஜீப்புல காட்டுக்குள்ள அருவி வரைக்கும் கூட்டிட்டுப் போறோம்ணா" என்று ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நாங்கள் ஐந்து பேர். மொத்தமாக 9,000 ரூபாயை ஜிபே செய்துவிட்டேன். பேரம்கூடப் பேசவில்லை. அந்தப் படம் அப்படி.

ஆனைகட்டி, அகளி வழியாக, காட்டின் நுழைவிடமான முக்காலி என்ற ஊருக்குப் போய்ச் சேரும்போதே மணி பதினொன்று. ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி எட்டரைக்குத்தான் வந்தது. முக்காலி வனத்துறை அலுவலகம் எதிரே நிறுத்தியதும் டிரைவர், "இதுக்கு மேல என் வண்டி போகாது சார். ஏஜென்ட் சொல்லலையா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முக்காலியைத் தாண்டி யாருடைய சொந்த வண்டியையும் விடுவதில்லை. அங்கிருந்து காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை 23 கிலோமீட்டர், வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடுதான் போக முடியும். அதற்குக் கட்டணமும் தனி. அன்றைக்கு வண்டி எல்லாம் நிரம்பிவிட்டது.

புரோக்கருக்குப் போன் செய்தால், "அப்ப பக்கத்துல பவானி ஆத்துல குளிச்சுட்டு வாங்கண்ணா, அதுவும் சூப்பரா இருக்கும்" என்கிறார். குளிக்க நொய்யல் போதாதா எங்களுக்கு?

கடுப்பில் அகளியிலேயே அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை எட்டு மணிக்கே அலுவலகத்தில் நின்று, எங்கள் காசில் போனோம். முதுகெலும்பு கழன்றுவிடும் போன்ற பாதை. ஆனால் சைரந்திரி கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தபோது கோபம் பாதி இறங்கிவிட்டது. கீழே குந்தி ஆறு வெள்ளை நூலாக ஓடுகிறது. இந்த ஆற்றில்தான் அணை கட்டத் திட்டமிட்டார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டு, 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சில்வண்டுச் சத்தம் இல்லாததால்தான் 'அமைதிப் பள்ளத்தாக்கு' என்று பெயர் வந்ததாம். எனக்கென்னவோ நன்றாகவே கேட்டது.

வழிகாட்டியிடம் புரோக்கர் அனுப்பிய படத்தைக் காட்டி, "இந்த அருவி எங்கேண்ணா?" என்றேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இது அதிரப்பள்ளி சார்." சாலக்குடி ஆற்றில், திருச்சூர் மாவட்டத்தில் இருக்கிற அருவி! எத்தனை சினிமாவில் பார்த்திருப்போம். என் மனைவி முதல் நாளே "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றாள். நான்தான் கேட்கவில்லை.

ஆகவே, "சொந்த ஜீப்பில் சைலன்ட் வேலி உள்ளே" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முக்காலி வனத்துறை அலுவலகத்திலேயே விசாரித்துப் பதிவு செய்யுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். மழைக்காலம் என்றால் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலைந்து தடவை சண்டை போட்ட பிறகு 2,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு "அடுத்த ட்ரிப்ல கழிச்சுக்கலாம்ணா" என்றார். நேற்று அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தேன். சைலன்ட் வேலிக்குப் புதுப் படம் போட்டிருக்கிறார். குற்றாலம் ஐந்தருவி. ஐந்து கிளையையும் எண்ணலாம்.