கொட்டாரத்தின் உள்ளும் வெளியும்: தக்கலையிலிருந்து ஒருநாள் கார் சுற்று

களியக்காவிளையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய அரண்மனை, புதிதா என்ன? பள்ளிக்கூடச் சுற்றுலா, அப்புறம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிப்போனது என்று பத்துத் தடவைக்கு மேல் பார்த்தாயிற்று. ஆனால் போன மாதம் அம்மையையும் மகளையும் அழைத்துக்கொண்டு இந்தச் சுற்றில் போய்வந்த பிறகுதான், இத்தனை நாளும் பாதியை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். சொந்தக் கார், அவரே ஓட்டுகிறார், அவரே சொல்கிறார். போர்டு கிடையாது, தெரிந்தவர்கள் மூலமாகத்தான் பிடிக்க வேண்டும். காலை எட்டரைக்குத் தக்கலையில் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்கு அதே இடத்தில் இறக்கிவிடுகிறார். நான்கு பேர் வரைக்கும் 3,500 ரூபாய், டிக்கெட்டும் சாப்பாடும் நம் பொறுப்பு.

முதலில் கொட்டாரம். திங்கள்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். உள்ளே செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், அந்தக் கறுப்புத் தரையின் குளிர்ச்சி காலில் ஏறும்போதே மனசு அடங்கிவிடும். தாய்க்கொட்டாரத்தில் பலாமரத் தூண் ஒன்று இருக்கிறது. கீழிருந்து மேல்வரை கொத்துவேலை, எத்தனை தடவை பார்த்தாலும் கை தானாக அதைத் தொடப் போகும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது மண் நமக்கு வந்தது, கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. நவராத்திரிக்கு இங்கேயிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதும், எங்கள் ஊர் எல்லையில் கேரள போலீஸ் மரியாதையோடு எதிர்கொள்வதும் இன்றும் நடக்கிறது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

ஊட்டுப்புரையில், அதாவது கொட்டாரத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான், இந்தச் சுற்று வேறு மாதிரி என்று புரிந்தது. மேலும் கீழுமாக நீண்டு கிடக்கிற கூடம், ஒரே நேரத்தில் 2,000 பேருக்கு இலை போடலாம் என்பார்கள். அங்கே இருந்த ஊறுகாய்ப் பரணியைப் பார்த்துவிட்டு அம்மை, "இதுல எத்தனை மாங்கா கொள்ளும்!" என்று வாயில் கை வைத்தாள். சார் சிரித்துக்கொண்டே, "அம்மா, அந்த மாங்காயைச் சுமந்து கொண்டுவந்தவங்க இந்த வாசல்வரைக்கும் வந்திருப்பாங்களான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் உட்கார்ந்து உண்டவர்கள் பிராமணர்கள். அரிசியும் காயும் விளைவித்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. "மிச்சத்தை வண்டியில சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மகளுக்கு இந்த இடம் சினிமா வழியாகத்தான் முதலில் தெரியும். 1993-இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் சில பகுதிகள் இங்கே எடுத்தவை. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த நடனக்காரியைத் தறவாட்டுக் காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண், அடைத்துவைத்துக் கொன்றுவிடுகிற கதை. சார் அவளிடம் கேட்டார், "அந்தப் படத்துல ஆவி எந்த பாஷை பேசும்?" தமிழ் என்றாள். "நம்ம சந்திரமுகி?" தெலுங்கு. கன்னடத்தில் அதற்கு முந்தைய வருஷம், 2004-இல், வந்த படத்திலும் தெலுங்குதான். "பார்த்தியாம்மா, ஒவ்வொருத்தரும் பக்கத்து நாட்டுக்காரியைத்தான் அந்த அறையில பூட்டி வைக்கிறாங்க." இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த ஒன்பது வருஷமும் தமிழன் என்பதால் என்னைப் பாண்டி என்று இளக்காரமாகச் சொன்னார்கள், சென்னையில் வீடு வாடகைக்குக் கேட்டபோது மலையாளியா என்றார்கள். அந்த வராந்தாவில் நின்றபோது இரண்டும் சேர்ந்து ஞாபகம் வந்தது.

அடுத்து உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் சரணடைந்த டச்சுக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகவே ஆகி, 1777-இல் இறந்து இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. கடல் தாண்டிச் சண்டைக்கு வந்தவருக்கு இந்த மண்ணில் பதவியும் கல்லறையும் கிடைத்தன. அதே காலத்தில் அரசாங்க வேலையில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அதே டிலனாய் மூலம் கிறிஸ்தவரான குற்றத்துக்குக் காற்றாடிமலையில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் அவர்தான்.

அய்யா வைகுண்டரின் பதி இருக்கிற சாமித்தோப்புக்குப் போகிற வழியில்தான் சார் மிச்சத்தைச் சொன்னார். பனையேறுகிறவனின் ஏணிக்கு வரி, காலில் மாட்டுகிற தளைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். அந்தச் சாதிப் பெண்கள் மார்பை மூடினால் சந்தையில் வைத்துத் துணியைக் கிழிப்பது. 1859 ஜூலை 26-இல் ராஜா உத்தரவு போட்டு மூடிக்கொள்ளலாம் என்றபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று அதிலும் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்கள். பின்சீட்டில் இருந்த அம்மை அதுவரை ஒன்றும் பேசவில்லை. மெதுவாகச் சொன்னாள், "எங்க பாட்டிக்க பாட்டிய சந்தையில வச்சு கிழிச்சு விட்டாவளாம். ஓலையைப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தாளாம்." ஐம்பது வருஷமாக அம்மையோடு இருக்கிறேன், இதை அன்றைக்குத்தான் கேட்டேன். மகள் பாட்டியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாரும் வேகத்தைக் குறைத்தார், கொஞ்ச தூரத்துக்கு யாரும் பேசவில்லை.

சாமித்தோப்பில் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தலையில் துண்டு கட்டவே உரிமை இல்லாதிருந்த சனங்களுக்கு, அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் கொடுத்த முறை அது. டிக்கியில் துவைத்து மடித்த வெள்ளைத் துண்டுகளை சார் வைத்திருக்கிறார், எனக்கு அவரே கட்டிவிட்டார். பள்ளியறையில் கும்பிடுகிற இடத்தில் கண்ணாடி. அங்கே இருக்கிற முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரை எடுத்தார்கள் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, காலையில் அந்த ஊட்டுப்புரையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குத்தான் உறைக்கும். வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறையில் வைத்ததும் அதே அரசாங்கம்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொட்டாரத்தில் இரண்டரை மணி நேரம் எடுத்துவிட்டு சாமித்தோப்புக்கு முக்கால் மணி நேரம்தான் மிஞ்சியது, இது சரியில்லை, திருப்பிப் போட வேண்டும். காரில் ஏசி சுமார்தான். நாகர்கோவிலில் சாப்பிட நிறுத்திய கடையில் மீன்குழம்பு ஆறிப்போயிருந்தது. வயதானவர்களுக்குக் கொட்டாரத்தின் மரப்படிகள் செங்குத்து, அம்மை இரண்டு மாடிகளுக்கு ஏறவில்லை, கீழே உட்கார ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய குறை வேறு. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்த தொடுவெட்டியும் புதுக்கடையும் இந்தச் சுற்றில் இல்லை. விளவங்கோட்டுக்காரனான எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டேன். "ஒரு நாளில் அடங்காது தம்பி, அதுக்குத் தனியா ஒரு சுற்று போடணும், ஆள் சேர்ந்தா போகலாம்" என்றார். இறங்கும்போது அம்மை அவர் கையில் பணத்தோடு ஒரு பொதி முந்திரிக்கொத்தையும் கொடுத்துவிட்டு, அந்தச் சுற்றுக்கு எங்கள் மூன்று பேரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். இன்னும் ஓர் ஆள் வேண்டும்.